முத்திரையிட்ட தண்ணீர்

“உட்காருங்கம்மா” என்று இரண்டு முறை சொல்லியும் அந்தப் பெண் உட்காரவில்லை. ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் கூடத்தில் மேற்பார்வை பார்ப்பவளாம். விரல் நுனியெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தது.

“எங்க வீட்டுக்காரரை ஜெயிலுக்குப் போகாம காப்பாத்துங்கன்னு கேக்க வரலைங்க. அவர் குடிச்சாரா, இல்லையா? அது மட்டும் எனக்குத் தெரியணும். சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸுக்கு முன்னாடி தெரியணும்.”

மேசைக்குப் பின்னால் இருந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஊரில் அவருக்குப் பெயர் தராசு. எடை அளவுத் துறையில் இருபது வருஷம் கடைகடையாகப் படிக்கற்களைச் சோதித்தவர். ஒரு பெரிய மனிதரின் கடையில் கைவைக்கப்போய், மாற்றல் மேல் மாற்றல் வாங்கி, போதுமடா சாமி என்று வேலையை விட்டுவிட்டு வந்தார். வேலை போனாலும் பெயர் போகவில்லை. இப்போது துப்பறிகிறார்.

பக்கத்து ஸ்டூலில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தவன் அவருடைய மச்சினன். பிழைப்புக்கு இன்சூரன்ஸ் ஏஜென்ட். மனசுக்குள் தானும் ஒரு துப்பறிவாளன் என்ற நினைப்பு. பால்காரர் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தால்கூட அதில் ஒரு சதி இருக்கும் என்று நம்புகிறவன். அந்தப் பெண்ணையும் ஒரு கண் சந்தேகமாகப் பார்த்து வைத்தான்.

“ஆறு மணி பஸ் எங்கே போகுது?” என்று தராசு கேட்டார்.

“எங்க அண்ணன் ஊருக்கு. அவர் குடிச்சிருந்தா நானும் பொண்ணும் கிளம்பிடுவோம். முன்னாடி ஒரு தடவை கிளம்பினேன், ஒரு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்தேன். இந்தத் தடவை போனா வரமாட்டேன்.”

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. அவள் கணவர் மதுவிலக்கு அலுவலகத்தில் ஸ்டோர் கீப்பர். பறிமுதல் செய்த சரக்கெல்லாம் அவர் பொறுப்பில், அவர் சாவியில். பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு தொடாதவர்களைத்தான் அந்த அலுவலகத்தில் வேலைக்கு எடுப்பார்கள். இவர் ஒருவர்தான் விதிவிலக்கு. ஒருகாலத்தில் மூக்கு முட்டக் குடித்துவிட்டு, ஆறு வருஷமாக நிறுத்தியிருப்பவர். திருந்தியவருக்கு ஒரு வாய்ப்பு என்று ஆணையர் அம்மாள் பிடிவாதமாக நின்று வேலை போட்டுக் கொடுத்தார்.

மூன்று வாரம் முன்பு ஒரு லாட்ஜ் மொட்டைமாடி அறையில் சோதனை நடந்து மூன்று பெட்டி பிடிபட்டது. பெட்டிக்குப் பன்னிரண்டு பாட்டில். முந்தாநாள் கோர்ட்டில் லாட்ஜ்காரரின் வக்கீல், ஒரு பாட்டிலைத் திறந்து காட்டுங்கள் என்று பிடித்த பிடியை விடவில்லை. அரக்கு முத்திரையை உடைத்துத் திறந்தார்கள். உள்ளே பச்சைத் தண்ணீர். கோர்ட்டே கொல்லென்று சிரித்ததாம்.

“சாவி அவர்கிட்ட. முத்திரைக் கட்டையும் அரக்கும் அவர் டிராயர்ல. வேற யாரைச் சொல்லுவாங்க? நாலு மணிக்கு போலீஸ்ல ஒப்படைக்கப்போறாங்க.”

“அவர் என்ன சொல்றார்?”

அவள் முகம் அப்போதுதான் உடைந்தது. “அதாங்க எனக்கு வயிறு எரியுது. நீ எடுத்தியான்னு ஆணையரம்மா கேட்டதுக்கு, ‘தெரியலைம்மா, எடுத்திருந்தாலும் எடுத்திருப்பேன்’னு சொல்லியிருக்காரு. எடுக்காதவன் எவனாவது அப்படிச் சொல்லுவானா?”

மச்சினன் நோட்டில் ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டான்.

அலுவலகத்துக்கு நடந்துபோகும்போது அவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “அத்தான், இந்த மதுவிலக்கு எங்கேயாவது உருப்பட்டிருக்கா? ராஜா காலத்துலேருந்து தடை போடறாங்க, ராஜா காலத்துலேருந்து குடிக்கிறாங்க.”

“ஒரு நாட்டுல அரசியல் சட்டத்துலயே எழுதி வச்சாங்க மாப்ளே. பதிமூணு வருஷம் கழிச்சு அவங்களே வேண்டாம்னுட்டாங்க. அந்தப் பதிமூணு வருஷமும் டாக்டர் சீட்டு இருந்தா மருந்துக் கடையில விஸ்கி கிடைச்சுது.”

“அப்போ வீண் வேலைங்கறீங்க.”

“அந்தம்மாகிட்ட போய் அப்படிச் சொல்லிப் பாரு. எட்டு வருஷம் முன்னாடி இங்கே கடையை மூடினாங்க. அவ வீட்டுக்காரர் உடனே நிறுத்தலை. ரெண்டு வருஷம் திருட்டுத்தனமா தேடித் தேடி அலைஞ்சார். அலைஞ்சு அலுத்துப்போய்த்தான் நிறுத்தினார். தெருமுனையில கடை திறந்தே இருந்திருந்தா அலுத்திருக்குமா? ஊருக்கு அது வீணா, இல்லையான்னு எனக்குத் தெரியாது. அந்த ஒரு வீட்டுக்கு வீண் இல்லை.”

மச்சினன் பேச்சை மாற்றி, லாட்ஜ்காரர்மேல் தனக்கு இருக்கும் சந்தேகத்தை விளக்க ஆரம்பித்தான்.

ஆணையர் அம்மாள் கண்டிப்பானவர், ஆனால் கல்நெஞ்சுக்காரர் இல்லை. “நான் பரிந்துரை பண்ணின ஆளு. என் மூஞ்சியில கரி பூசிட்டான்” என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். சோதனை நடந்த அன்று காலையிலிருந்து மாலைவரை அவரும் ஸ்டோர் கீப்பரும் ஒன்றாக இருப்புச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்களாம். லாட்ஜ் அறையில் பாதி குடித்த பாட்டில் ஒன்று மேசைமேல் இருந்திருக்கிறது. அதிலிருந்து எடுத்த மாதிரி ஆய்வுக்கூடம் போய், சாராயம்தான் என்று எழுத்தில் வந்திருக்கிறது.

“அதனால லாட்ஜ்ல இருந்தது சரக்குதான். ஸ்டோர்ல இருக்கறது தண்ணி. நடுவுல மாறினது யார் கையில?” என்று கேட்டுவிட்டு, அவரே பெருமூச்சும் விட்டார்.

தாழ்வாரத்துப் பெஞ்சில் ஸ்டோர் கீப்பர் கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு காவலாளி. மச்சினன் அவர் கண்ணைப் பார்த்தான். சிவந்திருந்தது. உடனே முழங்கையால் அத்தானை இடித்தான்.

“தூங்கலைன்னாலும் சிவக்கும்” என்று தராசு முணுமுணுத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “எடுத்திருந்தாலும் எடுத்திருப்பேன்னு ஏன் சொன்னீங்க?”

“குடிச்ச காலத்துல நான் செஞ்சது பாதி எனக்கே தெரியாதுங்க. ஒரு தடவை என் பொண்ணோட பள்ளிக்கூடப் பையைக் கொண்டுபோய் வித்துட்டு வந்திருக்கேன். மறுநாள் அதை வாங்கின ஆளே வந்து சொன்னப்புறம்தான் தெரியும். அந்த மாதிரி இப்பவும் நடந்திருக்குமோன்னு பயமா இருக்கு. இல்லைன்னு எதை வச்சு சொல்லுவேன்?”

தராசு அவர் பக்கம் திரும்பினார். “பாட்டிலையெல்லாம் நீங்க எடுத்துப் பார்ப்பீங்களா?”

“தொடவே மாட்டேன்!” அவர் பதறிய பதற்றத்தில் காவலாளி திரும்பிப் பார்த்தான். “ஒவ்வொரு பாட்டிலா கையில எடுத்து எண்ணணும்கறது விதி. என்னால முடியாதுங்க. கையில எடுத்தா குலுக்கத் தோணும். குடிக்கறவன் எவனும் முதல்ல குலுக்கித்தான் பார்ப்பான். நுரை முத்து முத்தா நின்னா நல்ல சரக்கு, சட்டுன்னு அடங்கினா தண்ணி கலந்தது. குலுக்கினா அப்புறம் என்ன தோணும்னு எனக்குத் தெரியும். அதனால மேலே தெரியற கழுத்தை மட்டும் எண்ணிட்டு, பெட்டியோட தூக்கி எடை போட்டுடுவேன். முன்னாடி பஞ்சு கிடங்குல வேலை பார்த்த பழக்கம். எடை குறையலைன்னா பாட்டில் குறையலைன்னு அர்த்தம். பெரியவங்களுக்குத் தெரிஞ்சா திட்டுவாங்கன்னு பென்சில்ல சின்னதா எழுதி வைப்பேன்.”

‘எடை’ என்ற சொல் காதில் விழுந்ததும் தராசின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மச்சினன் அந்த முகத்தை அறிவான். அக்கா வைக்கும் காபி சரியாக அமைந்த அன்றுதான் அது தெரியும்.

ஸ்டோர் அறையில் ஆணையரே கூட நின்றார். கோர்ட்டுக்குப் போனது போக, அந்த வழக்கின் மற்ற இரண்டு பெட்டிகள் யாரும் கைவைக்காமல் இருந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் அட்டை கட்டியிருந்தது. அதில் வழக்கு எண், தேதி, கொண்டுவந்த வேன் டிரைவரின் பேனாக் கையெழுத்து. மூலையில் பென்சிலில் பொடியாக 17.400 என்று ஓர் எண். டிரைவர் தாராள மனசுக்காரர் போலும், கையெழுத்தின் வால் அந்த எண்ணின் மேலேயே ஏறி ஓடியிருந்தது. தராசு லென்ஸை வைத்து அந்த இடத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு பெட்டியை அங்கிருந்த எடை மேடையில் ஏற்றினார். முள் பதினேழு கிலோ நானூற்றில் நின்றது. அடுத்ததும் அட்டையில் எழுதியபடியே நின்றது.

“ஒரு கிராம்கூடக் குறையலை. அப்போ யாரும் எடுக்கலையோ?” என்றான் மச்சினன்.

“எடுத்த அளவுக்குத் தண்ணி ஊத்தினா எடை எப்படிக் குறையும்?” என்று ஆணையர் வெடுக்கென்று கேட்டார்.

தராசு மற்ற வழக்குகளின் பெட்டி அட்டைகளைப் பார்த்துக்கொண்டே போனார். அதே கம்பெனி, அதே நிறமில்லாத வெள்ளை ரகம், அதே பன்னிரண்டு பாட்டில் பெட்டி இன்னும் ஐந்து இருந்தன. அவற்றின் எண்களைக் குறித்துக்கொண்டார். பிறகு சந்தேகத்துக்குரிய பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை உருவி, கழுத்தில் இருந்த சிவப்பு அரக்கை நகத்தால் சுரண்டினார். சிவப்புக்கு அடியில் மூடியின் மரைக்குள் ஒரு கீற்றுப் பச்சை தெரிந்தது.

“பச்சை அரக்கு எப்போ உபயோகிச்சீங்க?”

“போன வருஷம்வரைக்கும். இப்போ சிவப்புதான்.”

“தீர்ப்பான வழக்குல சரக்கை என்ன செய்வீங்க?”

“குழியில கொட்டிடுவோம். காலி பாட்டிலை நம்ம வேன்ல கண்ணாடி ஆலைக்கு அனுப்புவோம், உடைச்சு உருக்க.”

வெளியே வராந்தாவில் ஒரு பழைய மேசை கிடந்தது. அதன்மேல் சிவப்பு அரக்குச் சொட்டுகளைக் கண்டுபிடித்தவன் மச்சினன்தான், அதை அவனிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. சோதனை அறிக்கையில், ‘லாட்ஜிலேயே சாட்சிகள் முன்னிலையில் முத்திரையிட்டோம்’ என்று இருந்தது. அப்படியானால் இங்கே எதற்கு அரக்கு? சோதனை அதிகாரி, முறுக்கிய மீசையும் முறைப்புமாக வந்தவர், முதலில் எகிறினார். தராசு அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்ததும் மீசை கொஞ்சம் தொங்கியது.

“மாடியில ஒரே காத்துங்க. மெழுகுவர்த்தி நிக்கலை. சாட்சிங்ககிட்ட வெறும் லேபிள்ல கையெழுத்து வாங்கிக்கிட்டு, லாட்ஜ்காரனை ஜீப்ல ஏத்திக்கிட்டு வந்துட்டேன். பெட்டி பின்னாடி வேன்ல வந்துச்சு. இங்கே வச்சு லேபிள் ஒட்டி சீல் பண்ணினேன். மூக்குல கைக்குட்டை கட்டிக்கிட்டுத்தான் பண்ணினேன், அந்தக் கண்றாவி வாடையே எனக்கு ஆகாது.”

“ஜீப் வந்து எவ்வளவு நேரம் கழிச்சு வேன் வந்துச்சு?”

“ஒரு மணி நேரம் இருக்கும். பஞ்சராம்.”

“இவன்தான் அத்தான்! பொய் அறிக்கை எழுதினவன் எதையும் செய்வான்” என்று மச்சினன் காதோடு காதாகச் சொன்னான். தராசு தலையை ஆட்டினார், ஆமாம் என்றா இல்லை என்றா தெரியாதபடி.

வேன் டிரைவர் மரத்தடியில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்த முகம், பழகிய பேச்சு. யாரைக் கேட்டாலும் நல்ல மனுஷன் என்பார்கள்.

“அன்னிக்கு நடுரோட்டுல நல்லா மாட்டிக்கிட்டீங்களாமே” என்றார் தராசு.

“ஆமா சார், உச்சி வெயில்ல. ஒத்தை ஆளா ஜாக்கி போட்டு ஸ்டெப்னி மாத்தறதுக்குள்ள தாவு தீர்ந்துபோச்சு. பஞ்சரான டயரை இன்னும் ஒட்டக்கூட இல்லை, அப்படியே கிடக்கு.”

தராசு அனுதாபப்பட்டு, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, அடியில் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்.

நாலு மணிக்கு ஆணையர் அறையில் எல்லோரும் கூடினார்கள். மீசைக்காரர் ஜன்னலோரம், டிரைவர் கதவோரம், ஸ்டோர் கீப்பர் காவலாளியோடு நடுவில். அவர் மனைவி சுவரோடு ஒட்டி நின்றாள். காலடியில் துணி அடைத்த பை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. மச்சினனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

தராசு இரண்டு பாட்டில்களையும் ஒரு கைத்தராசையும் மேசைமேல் வைத்தார். “இது நல்ல சரக்குன்னு ஆய்வுக்கூடம் சொன்ன வேற ஒரு வழக்கோட பாட்டில். இது லாட்ஜ் வழக்கோடது. ஒரே கம்பெனி, ஒரே அளவு. எது கனம்?”

“ரெண்டும் ஒண்ணுதானே இருக்கும்” என்றார் மீசைக்காரர்.

தட்டில் வைத்ததும் லாட்ஜ் வழக்குப் பாட்டில் பட்டென்று கீழே இறங்கியது.

“தண்ணியைவிட சாராயம் லேசு. பெட்டிக்குக் கிட்டத்தட்ட அரைக் கிலோ வித்தியாசம் வரும். உங்க அலுவலகத்துல இது யாருக்கும் தெரியலை, தப்புச் சொல்லமாட்டேன். நீங்க விலக்கற பொருளை நீங்க மோந்ததில்லை, குலுக்கினதில்லை. தெரிஞ்ச ஒரே ஆள் பாட்டிலைத் தொடவே பயந்தார். பயந்ததாலதான் எடை போட்டார். ஸ்டோர்ல இதே ரகத்துல அஞ்சு பெட்டி இருக்கு. எல்லாத்தோட எடையும் பதினேழுக்கு உள்ளே. லாட்ஜ் வழக்குப் பெட்டி மட்டும் பதினேழு நானூறு. இன்னிக்கு நான் போட்ட எடை இல்லை அது. உள்ளே வந்த அன்னிக்கே எழுதின எடை. வரும்போதே அதுல தண்ணிதான் இருந்துச்சு.”

“பென்சில் எழுத்துதானே, நேத்துகூட எழுதியிருக்கலாமே!” என்று மீசைக்காரர் குறுக்கிட்டார்.

“எழுதலாம். ஆனா டிரைவர் கையெழுத்தோட பேனா மை அந்த எண்ணுக்கு மேலே ஓடியிருக்கு. லென்ஸ்ல பாருங்க. எண் முதல்ல, கையெழுத்து அப்புறம்.”

“சார், நான் கையெழுத்துப் போடறப்ப அது என்ன நம்பர்னே பார்க்கலையே” என்று டிரைவர் படபடத்தார்.

“அப்போ நம்பர் இருந்துச்சு. நன்றி.”

டிரைவரின் சிரித்த முகத்தில் சிரிப்பு மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது.

தராசு குரலை உயர்த்தாமல் தொடர்ந்தார். “அதிகாரி சோம்பேறித்தனமா இங்கே வந்து சீல் வச்சார், பொய்யா எழுதினார். அதுக்கு ஆணையர் அம்மா பார்த்துக்குவாங்க. ஆனா அவர் ஜீப்ல நேரா வந்துட்டார். பெட்டியோட தனியா இருந்தது ஒரே ஆள். பாட்டில் கழுத்துல பழைய பச்சை அரக்கு இருக்கு. அதாவது போன வருஷம் இதே அலுவலகத்துல சீல் வச்சு, கொட்டி, உடைக்க அனுப்பின பாட்டில். உடைக்க எடுத்துட்டுப் போனது யாரு? ஆலைக்குப் போகாம ஒதுக்கின பாட்டில்ல தண்ணி ரொப்பித் தயாரா வச்சிருந்தா, பெட்டி மாத்த அரை மணி நேரம் போதும். சரி, பஞ்சர்னு சொன்னார், நானும் பார்த்தேன். பஞ்சரான டயர் இன்னும் ஒட்டாம கிடக்கறதா அவரே சொன்னார். அது இருக்கவேண்டிய இடத்துல, வண்டிக்கு அடியில இருக்கற ஸ்டெப்னியைக் கையால அமுக்கிப் பார்த்தேன், நல்லா கல்லு மாதிரி காத்து நிக்குது. அதைப் பிடிச்சிருக்கற நட்டு மேலே சிலந்தி குடும்பமே நடத்துது. மூணு வாரத்துல கட்டின கூடு இல்லை அது.”

டிரைவர் கதவைப் பார்த்தார். காவலாளி அதற்குள் ஸ்டோர் கீப்பரை விட்டுவிட்டுக் கதவுக்கு வந்துவிட்டான்.

“எல்லாரும் அவன் குடிகாரன்தானேன்னு இருந்தாங்க” என்றார் டிரைவர், தரையைப் பார்த்துக்கொண்டு. “என்னை யாரும் நினைக்கவே மாட்டாங்கன்னு...”

“அவன் புள்ளைக்குட்டிக்காரன்னு ஒரு நிமிஷம் நினைச்சிருப்பியாடா பாவி!” ஆணையர் அம்மாள் மேசையை ஓங்கி அறைந்துவிட்டுப் போலீசுக்குப் போன் செய்யச் சொன்னார். பிறகு ஸ்டோர் கீப்பரிடம் வந்தார். “நாளைக்கு வேலைக்கு வந்துடுங்க” என்றார்.

ஸ்டோர் கீப்பர் தராசைக் கையெடுத்துக் கும்பிட்டார். “அப்போ நான் குடிக்கலைங்களா?” என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

“இல்லைங்க. நீங்க குடிக்கலை” என்றார் தராசு.

அலுவலக வாசலில் கணவனும் மனைவியும் படியில் நின்றார்கள். மச்சினன் பின்னாலேயே போயிருந்தான். ஒட்டுக்கேட்பது தப்புதான், ஆனால் அவன் கால் நகரவில்லை. மனைவி பையைக் கீழே வைத்துவிட்டுத் தேம்பினாள்.

“நான் உங்களை நம்பலை. நேத்து ராத்திரி நீங்க தூங்கினப்புறம் குனிஞ்சு உங்க வாயை மோந்து பார்த்தேன். தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும். நான் தூங்கலை.”

“தூங்கலையா? அப்புறம் ஏன் பேசாம கிடந்தீங்க? திட்டியிருக்கலாம்ல?”

“எதுக்குத் திட்டணும்? நீ என்ன சொல்லப்போறேன்னுதான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருந்தேன். எனக்கே தெரியலை, உனக்காவது தெரிஞ்சுடும்னு நினைச்சேன். நீ ஒண்ணும் சொல்லாம திரும்பிப் படுத்துட்டே. சரி, குடிச்சிருக்கேன் போலன்னு நானும் முடிவு பண்ணிட்டேன்.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “வாடையே இல்லைங்க. ஒண்ணுமே இல்லை. இல்லைன்னு தெரிஞ்சும் நான் உங்ககிட்ட சொல்லலை.”

அவர் குனிந்து பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “இப்போ சொல்லிட்டேல்ல” என்றார். “வா, பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பா.”